படைத் தயார்நிலையில் விளையாட்டு அறிவியல்

படைத் தயார்நிலையில் விளையாட்டு அறிவியல் என்பது, விளையாட்டு வீரர்களின் உடல், உள்ளம், உணவு, உறக்கம் ஆகியவற்றை அளந்து அதற்கேற்பப் பயிற்சியை வகுக்கும் முறைகளைப் படைவீரர்களிடத்தில் பயன்படுத்தும் துறையாகும். ஒரு படைப்பிரிவு அழைக்கப்படும் நாளில் எத்தனை வீரர்கள் காயமின்றி, நோயின்றி, களைப்பின்றிப் பணிக்குச் செல்லக்கூடிய நிலையில் உள்ளனர் என்பதே இங்கு தயார்நிலை எனப்படுகின்றது. உடல் வலிமையை மட்டும் பாராமல் உறக்கம், உணவு, மனநிலை என்பவற்றையும் சேர்த்துத் தொடர்ந்து கவனிப்பது முழுமைக் கண்காணிப்பு என அழைக்கப்படுகின்றது.

இத்துறை அண்மையில் தோன்றியது போன்ற எண்ணம் பரவலாக உள்ளது. கைக்கடிகாரங்களும் உணரிகளும் புதியவை என்பது உண்மையே. ஆயினும் இன்று விளையாட்டு அறிவியல் என்று அறியப்படுவதில் ஒரு பகுதி படைமுகாம்களில் உருவாகி விளையாட்டுத் திடல்களுக்குச் சென்றதாகும். மேலும், இத்துறையின் வரலாற்றில் அளவீடு இல்லாமையால் நேர்ந்த இழப்புகளுடன், அளவீடு கையில் இருந்தும் அதன்படி பயிற்சியை மாற்றாமையால் நேர்ந்த இழப்புகளும் பதிவாகியுள்ளன.

விளையாட்டு வீரரும் படைவீரரும்

இரு துறைகளுக்கும் இடையே ஒற்றுமை பல இருப்பினும் வேறுபாடுகளைக் கருத்திற் கொள்ளாமல் ஒன்றின் முறையை மற்றொன்றில் அப்படியே பொருத்த இயலாது. ஓட்டப்பந்தய வீரருக்குப் போட்டி நாள் முன்கூட்டியே தெரியும். எனவே பயிற்சியாளர் சில மாதங்கள் சுமையைக் கூட்டி, போட்டிக்கு முந்தைய வாரங்களில் குறைத்து, அந்நாளில் வீரர் உச்ச நிலையில் இருக்குமாறு திட்டமிடுகின்றார். படைவீரருக்கு அத்தகைய நாள் கிடையாது. அவர் ஆண்டு முழுவதும் ஓரளவு நல்ல நிலையில் இருக்கவேண்டும். உச்சத்தை எட்டிப் பின் சரிவது அவருக்குப் பயன்தராது. இதனுடன் முதுகுச் சுமை, துப்பாக்கி, காப்புடை, இரவுக் காவல், பழக்கமில்லாத தட்பவெப்பம் என்பவையும் சேர்கின்றன.

மற்றொரு வேறுபாடு அதிகாரம் தொடர்பானது. களைத்த ஆட்டக்காரர் தாமே கையை உயர்த்தி வெளியேறலாம். பயிற்சியிலுள்ள படைவீரர் அவ்வாறு செய்யத் தயங்குகின்றார். வலியைச் சொன்னால் பயிற்சி வகுப்பை மீண்டும் தொடக்கத்திலிருந்து பயில நேரும் என்ற அச்சத்தில் பலர் காயத்தை மறைக்கின்றனர். ஆகவே படைத்துறையில் நிறுத்தும் பொறுப்பு பெரும்பாலும் வீரரிடம் இல்லை, கட்டளை இடுபவரிடமே உள்ளது.

தோற்றம்

1927ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட ஹார்வர்டு களைப்பு ஆய்வகம் இத்துறையின் முன்னோடிகளுள் ஒன்றாகும். எல். ஜே. ஹென்டர்சனும் டேவிட் புரூசு டில்லும் இதனை வழிநடத்தினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இவ்வாய்வகம் படையினரின் உடை, உணவு, குளிர்தாங்கும் திறன் ஆகியவற்றைச் சோதித்தது. உடற்கல்வி மாணவர்கள் நன்கறிந்த ஹார்வர்டு படியேறல் சோதனை 1943இல் அங்கு உருவானதே. 20 அங்குல உயரமுள்ள படியில் நிமிடத்துக்கு 30 முறை வீதம் ஐந்து நிமிடம் ஏறி இறங்கி, பின்னர் நாடித்துடிப்பு எவ்வளவு விரைவாகத் தணிகின்றது எனப் பார்ப்பதே இச்சோதனை. ஆய்வகம் 1947இல் மூடப்பட்டது. 1961இல் மாசச்சூசெட்சு மாநிலத்தின் நாட்டிக் நகரில் அமைக்கப்பட்ட அமெரிக்கத் தரைப்படையின் சூழல் மருத்துவ ஆய்வு நிறுவனம் இதே வகைப் பணியை மேற்கொண்டு வருகின்றது.

அதே போர்க்காலத்தில் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அடால்ஃபும் அவரது குழுவினரும் கலிபோர்னியப் பாலைநிலத்தில் படைவீரர்களைக் கொண்டு ஆய்வு செய்தனர். குறைந்த நீரில் வாழ வீரர்களைப் பழக்கலாம் என்ற நம்பிக்கை அப்போது படை அதிகாரிகளிடையே இருந்தது. அது தவறு என இவ்வாய்வு காட்டியது. நீர் கொடாமல் பழக்கினால் உடல் தன் தேவையைக் குறைத்துக்கொள்வதில்லை; வீரர் வலுவிழக்கிறார், அவ்வளவே. நீர் கையில் இருந்தாலும் உழைக்கும் மனிதர் வியர்வையில் இழந்த அளவுக்குத் தாமாக நீர் அருந்துவதில்லை என்பதும் இதில் தெரியவந்தது. இவ்விரண்டு முடிவுகளும் இன்றைய நெடுந்தொலைவு ஓட்டப் பயிற்சியின் அடிப்படைப் பாடங்களாக உள்ளன.

அமெரிக்க வான்படை மருத்துவரான கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட 12 நிமிட ஓட்டச் சோதனையும் படைவீரர்களிடம் உருவாகிப் பின்னர் உலகப் பள்ளிகள் எங்கும் பரவியதாகும்.

வெப்பக் குறியீடும் கொடிகளும்

அமெரிக்க மரைன் படையின் புதிய வீரர்கள் பயிலும் முகாம்களுள் ஒன்று தெற்குக் கரோலினா மாநிலத்தின் பாரிஸ் தீவில் உள்ளது. ஈரப்பதம் மிகுந்த கடலோரப் பகுதியாகிய அங்கு 1950களின் கோடைகாலங்களில் வெப்பத்தால் விழுந்த பயிற்சி வீரர்கள் பலர். காற்றின் வெப்பநிலையை மட்டும் கொண்டு ஆபத்தைக் கணிக்க இயலாது என்பதை உணர்ந்த கான்ஸ்டன்டின் யாக்லூ, கடற்படை மருத்துவர் டேவிட் மினார்டு ஆகியோர் 1957இல் ஒரு குறியீட்டை முன்வைத்தனர். ஈரக்குமிழ் கோள வெப்பநிலைக் குறியீடு எனப்படும் இது மூன்று வெப்பமானிகளின் அளவுகளைச் சேர்க்கின்றது. ஈரத் துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 விழுக்காடு, வெயிலில் வைத்த கருங்கோளத்தின் உள்ளிருக்கும் வெப்பமானிக்கு 20 விழுக்காடு, நிழலிலுள்ள சாதாரண வெப்பமானிக்கு 10 விழுக்காடு என மதிப்பளிக்கப்படுகின்றது.

ஈரக்குமிழுக்கு இவ்வளவு மதிப்பு ஏன் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். காற்றின் வெப்பநிலை 40 பாகை, கருங்கோளம் 50, ஈரக்குமிழ் 22 எனக் காட்டும் வறண்ட நாளில் குறியீடு 29.4 ஆகும். காற்று 34 பாகையே இருந்து, கோளம் 45, ஈரக்குமிழ் 28 எனக் காட்டும் புழுக்கமான நாளில் குறியீடு 32.0 ஆகின்றது. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருந்தால் வியர்வை உலராமல் வழிந்து வீணாகின்றது. எனவே குறைந்த வெப்பநிலை உள்ள இரண்டாவது நாளே ஆபத்தானது.

இக்குறியீட்டின் உண்மையான சிறப்பு அது கொடியுடன் இணைக்கப்பட்டமையே. குறியீடு உயர உயரப் பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்புக் கொடிகள் ஏற்றப்படுகின்றன. குறியீடு 32.2 பாகையை எட்டினால் ஏற்றப்படும் கறுப்புக் கொடியின்போது கடின உடற்பயிற்சி நிறுத்தப்படவேண்டும். எண்ணைப் படித்துப் பொருள்கொள்ளும் சுமை பயிற்றுநருக்கு இல்லை. கொடியைக் கண்டால் செய்யவேண்டியது முன்பே முடிவு செய்யப்பட்டுள்ளது. பின்னாளில் இக்குறியீடு தொழிற்சாலைகளுக்கும் விளையாட்டுத் திடல்களுக்கும் பரவியது. பன்னாட்டுக் காற்பந்துக் கூட்டமைப்பு, குறியீடு 32 பாகையைத் தாண்டும் ஆட்டங்களில் நீர் அருந்தும் இடைவேளை அளிக்கும் முறையை 2014 உலகக்கோப்பையில் பயன்படுத்தியது.

படைமுகாமில் பிறந்த இக்குறியீடு ஒரு படைப் பயிற்சியிலேயே மறக்கப்பட்ட நிகழ்வும் உண்டு. 2013 சூலை 13 அன்று வேல்சு நாட்டின் பிரெக்கன் பீக்கன்சு மலைப்பகுதியில், பிரித்தானியச் சிறப்புப் படைக்கான தேர்வின் ஒரு பகுதியாக 16 மைல் சுமைநடை நடைபெற்றது. அவ்வாண்டின் மிக வெப்பமான நாட்களுள் அது ஒன்று. பங்கேற்ற சேமப்படை வீரர்களில் மூவர் வெப்பத்தாக்கால் உயிரிழந்தனர். ஒவ்வொருவரும் இடங்காட்டும் கருவி ஒன்றை அணிந்திருந்தனர். ஒருவர் நகராமல் நின்றுவிட்டால் தானாகவே எச்சரிக்கும் வசதி அக்கருவி முறையில் இருந்தது. ஆனால் அது பயன்படுத்தப்படவில்லை. வெப்பநோய் குறித்து பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சகம் வெளியிட்டிருந்த வழிகாட்டு நெறிகளை நடையைப் பொறுப்பேற்று நடத்தியவர்கள் அறிந்திருக்கவில்லை. 2015இல் முடிவடைந்த மரண விசாரணையில், கவனக்குறைவு இம்மரணங்களுக்குக் காரணமாய் அமைந்ததென அறிவிக்கப்பட்டது. 2016இல் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பாதுகாப்புக் குழு வெளியிட்ட அறிக்கை, 2000ஆம் ஆண்டிலிருந்து பயிற்சிகளின்போது 135 படையினர் இறந்ததாகக் கூறுகின்றது. இவ்வெண்ணிக்கையில் எல்லா வகையான பயிற்சி விபத்துகளும் அடங்கும்.

வெப்பத்துக்கு உடலைப் பழக்குவது இயலும். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டப்படும் உழைப்பில் 10 முதல் 14 நாட்களில் உடல் வியர்வையை விரைவாகவும் மிகுதியாகவும் சுரக்கவும், அதில் உப்பைக் குறைவாக இழக்கவும் கற்கின்றது. வெப்பத்தாக்கு நேர்ந்துவிட்டால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதற்கு முன்பாகவே குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ பனிநீரில் நனைத்த துணிகளால் போர்த்தியோ உடலைக் குளிர்விக்கவேண்டும் என்பதே இன்றைய நடைமுறை.

நடையால் முறியும் எலும்பு

1855இல் பிரசியப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட நடைக்குப் பின் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை விவரித்தார். காரணம் அப்போது தெரியவில்லை. எக்சு கதிர் கண்டறியப்பட்ட பின், 1897இல் அப்பாதங்களின் எலும்பில் நுண்ணிய முறிவு இருப்பது தெரிந்தது. அடி விழுந்து உடைவதைப் போலன்றி, ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் சிறு அழுத்தத்தால் மெல்ல விரிசல் காணும் இது தகைவு முறிவு எனப்படும். எலும்பு உயிருள்ள பொருள். சுமைக்கேற்பத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் பழைய பகுதியைக் கரைத்த பின்னரே புதியதைக் கட்டும். அந்த இடைவெளியில் ஓய்வின்றிச் சுமை தொடர்ந்தால் விரிசல் முந்திக்கொள்கின்றது. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் முதல் சில வாரங்களில் இது மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

இச்சிக்கலை மிக நீண்டகாலம் ஆராய்ந்த படை இஸ்ரேலுடையது எனலாம். 1985இல் மில்குரோமும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், காலாட்படைப் பயிற்சியிலிருந்த 295 பேரில் 31 விழுக்காட்டினருக்குத் தகைவு முறிவு காணப்பட்டது. அதன் பின்னர் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் தீர்வுகள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. கூடைப்பந்துக் காலணி அணிவித்துப் பார்த்தனர். பாத எலும்பு முறிவுகள் குறைந்தன, ஆனால் மொத்த எண்ணிக்கை குறையவில்லை. எலும்பு தேய்வுக்குக் கொடுக்கப்படும் ரிசெட்ரோனேட் என்னும் மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர், பயனில்லை. படையில் சேருமுன் ஈராண்டுகளேனும் கூடைப்பந்து போன்ற பந்து விளையாட்டுகளில் ஈடுபட்டவர்களிடம் முறிவு பாதிக்கும் குறைவாக இருந்தது தெரியவந்தது. பல திசைகளில் குதித்துத் திரும்புவதால் எலும்பு உறுதிப்படுகின்றது எனக் கருதப்படுகின்றது. ஆனால் சேர்ந்துவிட்டவரின் இளமைப் பருவத்தை யாரும் மாற்ற இயலாது.

இறுதியில் பலன் தந்தவை எளிய இரண்டு ஆணைகள். பயிற்சி வீரர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் உறங்கவேண்டும். மொத்த நடைத் தொலைவு குறைக்கப்படவேண்டும். இவை கட்டாயமாக்கப்பட்ட பின் தகைவு முறிவு 60 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக 2008இல் வெளியான கட்டுரை கூறுகின்றது. காலணியும் மருந்தும் தராத பயனை உறக்கம் தந்தது என்பது பலருக்கு வியப்பளித்தது. இரு ஆணைகளும் சேர்ந்தே நடைமுறைக்கு வந்ததால் ஒவ்வொன்றின் பங்கு எவ்வளவு எனப் பிரித்துச் சொல்ல இயலாது.

ஆஸ்திரேலியத் தரைப்படையின் அனுபவமும் இதை ஒத்தது. அங்கு பெண் பயிற்சி வீரர்களிடம் இடுப்பெலும்பில் தகைவு முறிவு மிகுந்திருந்தது. ஆண்களுடன் ஒரே வரிசையில், ஒரே அடி நீளத்தில் நடக்கவேண்டியிருந்ததால், உயரம் குறைந்தோர் தம் இயல்பைவிடக் காலை நீட்டி வைக்க நேர்ந்தது. நடையின் வேகம் மணிக்கு 7.5 கிலோமீட்டரிலிருந்து 5 ஆகக் குறைக்கப்பட்டது. அவரவர் இயல்பான அடி நீளத்தில் நடக்க இசைவளிக்கப்பட்டது. ஓட்டம் புல்தரைக்கு மாற்றப்பட்டது. 1999இல் வெளியான ஆய்வின்படி, இம்முறிவு 11.2 விழுக்காட்டிலிருந்து 0.6 விழுக்காடாகக் குறைந்தது. அணிவகுப்பின் அழகுக்காக வகுக்கப்பட்ட சீரான அடி, எலும்பைப் பொறுத்தவரை சீரானதன்று.

ஊட்டச்சத்தின் பங்கும் உண்டு. அமெரிக்கக் கடற்படையின் 5,201 பெண் பயிற்சி வீரர்களிடம் நடத்தப்பட்டு 2008இல் வெளியான ஆய்வில், நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் கால்சியமும் 800 அலகு வைட்டமின் டி-யும் பெற்றோரிடம் தகைவு முறிவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்திருந்தது.

உணவு

அமெரிக்கத் தரைப்படையின் ரேஞ்சர் பள்ளி, திட்டமிட்டே பசியையும் உறக்கமின்மையையும் சுமத்தும் எட்டு வாரப் பயிற்சியாகும். 1990களின் தொடக்கத்தில் அங்கு நடந்த ஆய்வுகளில், வீரர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,000 கலோரி பற்றாக்குறையுடன் உழைத்து உடல் எடையில் 12 முதல் 16 விழுக்காடு வரை இழந்தது தெரிந்தது. சிலரது உடற்கொழுப்பு உயிர் வாழ்வதற்கான கீழெல்லையை நெருங்கியது. ஆண்மை இயக்குநீரின் அளவு பெரிதும் வீழ்ந்தது, தொற்றுநோய் பரவியது. பயிற்சியின் கடுமையைக் குறைக்காமல் உணவை மட்டும் சற்றுக் கூட்டியபோது எடை இழப்பும் தொற்றும் குறைந்தன.

உறக்கம்

பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வு, பதினான்கு நாட்கள் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களின் கவனத்திறன், ஓரிரு இரவுகள் முற்றிலும் விழித்திருந்தவர்களுடைய அளவுக்குத் தாழ்ந்துவிடுவதைக் காட்டியது. அவர்களோ தாம் ஓரளவு நன்றாகவே இருப்பதாக எண்ணினர். களைத்தவர் தம் களைப்பை மதிப்பிடும் ஆற்றலையும் இழக்கின்றார் என்னும் இம்முடிவு, வீரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பும் கண்காணிப்பு ஏன் போதாது என்பதை விளக்குகின்றது.

2017இல் அமெரிக்கக் கடற்படையின் இரண்டு போர்க்கப்பல்கள் வணிகக் கப்பல்களுடன் மோதின. சூன் மாதம் சப்பானுக்கு அருகே பிட்சுசெரால்டு கப்பலில் 7 பேரும், ஆகத்து மாதம் சிங்கப்பூருக்கு அருகே ஜான் எஸ். மக்கெயின் கப்பலில் 10 பேரும் உயிரிழந்தனர். பயிற்சிக் குறைவு, கப்பலோட்டும் பிழைகள் முதலிய பல காரணங்களுடன் மாலுமிகளின் உறக்கக் குறைவும் விசாரணைகளில் சுட்டப்பட்டது. ஐந்து மணி நேரக் காவலும் பத்து மணி நேர இடைவேளையுமாக அமைந்த 15 மணி நேரச் சுழற்சி பல கப்பல்களில் வழக்கத்தில் இருந்தது. பகலோ இரவோ என்றில்லாமல் ஒவ்வொரு நாளும் உறங்கும் நேரம் மாறும் இம்முறை, 24 மணி நேரத்தில் இயங்கும் உடற்கடிகாரத்துக்கு ஒவ்வாதது. கடற்படை முதுநிலைப் பள்ளியின் ஆய்வாளர் நீட்டா ஷாட்டக் மோதல்களுக்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இதனை எடுத்துரைத்து, நாள்தோறும் ஒரே நேரத்தில் காவலும் ஒரே நேரத்தில் உறக்கமும் அமையும் அட்டவணைகளைப் பரிந்துரைத்து வந்தார். மோதல்களுக்குப் பின்னரே அவை கப்பற்படைப் பிரிவுக்கு ஆணையாயின.

முழுமை நலமும் உடற்தகுதியும் திட்டம்

அமெரிக்கத் தரைப்படை 1980 முதல் மூன்று சோதனைகளால் தன் வீரர்களை அளந்து வந்தது. இரண்டு நிமிடத் தண்டால், இரண்டு நிமிடம் படுத்தெழும் பயிற்சி, இரண்டு மைல் ஓட்டம் என்பன அவை. நடத்த எளிதானவை, ஆனால் காயம்பட்டவரை இழுத்துச் செல்லவோ பளுவைத் தூக்கவோ ஒருவரால் இயலுமா என்பதை அவை சொல்லவில்லை. வீரர்களும் சோதனைக்காகவே பயின்றனர்.

இதற்கு மாற்றாக வந்த புதிய அணுகுமுறை முதலில் சிறப்புப் படைகளில் தோன்றியது. தொழில்முறை விளையாட்டு அணிகளைப் போல வலிமைப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர், உணவியலர் ஆகியோரை அணியுடனேயே வைக்கும் திட்டம் 2009 அளவில் அங்கு தொடங்கியது. 2020 அக்டோபரில் வெளியான தரைப்படைக் கையேடு இதனைப் பொதுப் படைக்கு விரிவாக்கியது. உடல், உணவு, உள்ளம், ஆன்மிகம், உறக்கம் என ஐந்து வகைத் தயார்நிலைகளை இக்கையேடு வகுக்கின்றது. ஆன்மிகம் என்பது இங்கு சமயப் பற்றை மட்டும் குறிப்பதன்று. வாழ்வின் நோக்கம் பற்றிய தெளிவையும் குறிக்கின்றது. உறக்கத்துக்குத் தனி இடம் அளித்தது படை மரபில் புதுமையாகும். விழித்திருப்பதையே வீரமாகக் கருதிய அமைப்பு, குட்டித் தூக்கத்தை எப்போது, எவ்வளவு நேரம் எனத் தன் கையேட்டில் பரிந்துரைத்தது.

சோதனையை மாற்றுவது இதைவிடக் கடினமாயிற்று. பளு தூக்கல், பின்னோக்கிப் பந்தெறிதல், கைவிடு தண்டால், ஓடி இழுத்துச் சுமத்தல், கம்பியில் தொங்கியபடி காலை மடக்கித் தூக்கல், இரண்டு மைல் ஓட்டம் என ஆறு நிகழ்வுகள் கொண்ட போர்த் தகுதிச் சோதனை வகுக்கப்பட்டது. வயதுக்கும் பாலினத்துக்கும் வேறுபாடில்லாத ஒரே அளவுகோல் என்பதே தொடக்க நோக்கம். முன்னோட்டங்களில் பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரே தேறினர். கால் தூக்கும் நிகழ்வு 2022இல் நீக்கப்பட்டது. வயதும் பாலினமும் கருதிய மதிப்பெண்கள் மீண்டும் வந்தன. 2025 சூன் 1 முதல் பந்தெறிதலும் நீக்கப்பட்டு ஐந்து நிகழ்வுகள் கொண்ட தரைப்படைத் தகுதிச் சோதனையாக இது மாறியது. இதில் போரிடும் பணிகளுக்கு மட்டும் இருபாலாருக்கும் ஒரே அளவு வகுக்கப்பட்டுள்ளது. பொது உடல்நலத்தை அளக்கும் சோதனையையும் ஒரு பணிக்குத் தேவையான வலிமையை அளக்கும் சோதனையையும் ஒன்றாகவே நடத்த முயன்றதே இக்குழப்பத்துக்குக் காரணம் எனலாம்.

கண்காணிப்புக் கருவிகளும் கணிப்பும்

விளையாட்டுத் துறையிலிருந்து வந்த முறைகளில் மிக எளியது கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய முறையாகும். பயிற்சி முடிந்தபின் அது எவ்வளவு கடினமாக இருந்தது என வீரர் 0 முதல் 10 வரை ஓர் எண்ணைச் சொல்கின்றார். அதைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு 7 என்றால் சுமை 420 ஆகும். காகிதமும் எழுதுகோலும் போதும். வீரர் உண்மையைச் சொல்லவேண்டும் என்பதே ஒரே நிபந்தனை. படையில் அதுவே எளிதானதன்று.

கடைசி வாரச் சுமையை, முந்தைய நான்கு வாரங்களின் சராசரியால் வகுத்துக் காய வாய்ப்பைக் கணிக்கும் விகிதம் 2010களில் பெரும் புகழ் பெற்றது. 1.5ஐத் தாண்டினால் ஆபத்து எனக் கூறப்பட்டது. பின்னர் புள்ளியியலாளர்கள் இதன் அடிப்படையைக் கேள்விக்குள்ளாக்கினர். சுமையைத் திடீரெனக் கூட்டக்கூடாது என்ற பொதுக்கருத்து ஏற்கப்பட்டாலும், ஒரு குறிப்பிட்ட எண்ணை எல்லையாகக் கொள்வதற்கான சான்று வலுவற்றது.

நாட்டிக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2013இல், இதயத்துடிப்பின் தொடர் அளவுகளிலிருந்து மட்டும் உடலின் உள்வெப்பநிலையைக் கணிக்கும் கணக்குமுறையை வெளியிட்டனர். அதற்கு முன் இதற்கென வீரர் உணரி மாத்திரையை விழுங்க வேண்டியிருந்தது. கோவிட் பெருந்தொற்றின்போது அமெரிக்கப் படையினர் சிலருக்குக் கைக்கடிகாரமும் உணரி மோதிரமும் அளிக்கப்பட்டு, அறிகுறி தோன்றுமுன் தொற்றைக் கண்டறியும் முயற்சி நடந்தது. இத்தகைய கருவிகள் ஒரு பிரிவின் போக்கைக் காட்டுவதில் ஓரளவு நம்பத்தக்கவை. தனி ஒருவர் இன்று காலை தகுதியுள்ளவரா என்பதை அவை மட்டும் முடிவு செய்ய இயலாது.

தரவும் மறைகாப்பும்

உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா, 2017 நவம்பரில் தன் பயனர்கள் ஓடிய வழிகள் அனைத்தையும் ஒளிக்கோடுகளாகக் காட்டும் உலக வரைபடத்தை வெளியிட்டது. 2018 சனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் இதில் படைத்தளங்கள் தெளிவாகத் தெரிவதைச் சுட்டிக்காட்டினார். சிரியாவிலும் ஆப்கானித்தானிலும் இருண்ட பகுதிகளின் நடுவே, மதிலை ஒட்டி நாள்தோறும் ஓடிய வெளிநாட்டு வீரர்களின் தடங்கள் தளத்தின் எல்லையையே வரைந்திருந்தன. அவ்வாண்டு ஆகத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, செயற்களங்களில் இடங்காட்டும் வசதியைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

வெளியாருக்குக் கசிவது ஒரு புறமிருக்க, உள்ளேயே யார் பார்க்கலாம் என்பதும் தீராத கேள்வியாக உள்ளது. உறக்கத்தையும் மனநிலையையும் காட்டும் தரவு பதவி உயர்வைத் தீர்மானிக்கும் அதிகாரியின் மேசைக்குச் செல்லுமென அறிந்த வீரர், கருவியைக் கழற்றி வைப்பார் அல்லது நல்ல விடையையே எழுதுவார். ஆகவே தனிநபர் தரவை மருத்துவக் குழுவிடமும், பெயர் நீக்கிய தொகுப்பை மட்டும் கட்டளை அதிகாரியிடமும் அளிக்கும் ஏற்பாடு பரிந்துரைக்கப்படுகின்றது.

இந்தியாவில்

1962ஆம் ஆண்டுப் போரில் இந்திய வீரர்கள் சமவெளியிலிருந்து இமயத்தின் உயரங்களுக்குப் போதிய பழக்கமின்றி விரைந்து அனுப்பப்பட்டனர். பலர் எதிரியைக் காணுமுன்பே தலைவலி, வாந்தி, மூச்சுத்திணறல், நுரையீரலில் நீர் கோத்தல் ஆகியவற்றால் வீழ்ந்தனர். படை மருத்துவர் இந்தர் சிங்கும் உடன் பணியாற்றியோரும் 1,925 வீரர்களிடம் கண்ட மலைநோயைப் பற்றி 1969இல் வெளியிட்ட கட்டுரை, உயர்மலை மருத்துவத்தின் அடிப்படை நூல்களோடு வைத்து எண்ணப்படுகின்றது. பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின் கீழ் 1962இல் தொடங்கப்பட்ட உடலியங்கியல் மற்றும் சார்பு அறிவியல் நிறுவனம் தில்லியில் உள்ளது. உயரத்துக்குப் பழகுதல், குளிர், யோகப் பயிற்சி முதலியவற்றை அது ஆராய்கின்றது.

இந்தியப் படையின் உயர்மலைப் பழக்க அட்டவணை மூன்று படிகளைக் கொண்டது. 2,700 மீட்டருக்கு மேல் ஆறு நாட்களும், 3,600 மீட்டருக்கு மேல் நான்கு நாட்களும், 4,500 மீட்டருக்கு மேல் நான்கு நாட்களும் வீரர் தங்கவேண்டும். முதல் இரு நாட்கள் ஓய்வு. பிறகு சமதளத்தில் சிறு நடை. அதன் பின்னரே ஏற்றமும் சுமையும். எவ்வளவு உடல்வலிமை உள்ளவராயினும் இந்நாட்களைச் சுருக்க இயலாது. நல்ல ஓட்டக்காரர்களும் மலைநோய்க்கு ஆளாகின்றனர். தம் வலிமையை நம்பி விரைந்து ஏறுவதால் சில வேளைகளில் அவர்களே முதலில் ஆளாகின்றனர். விடுப்பில் சமவெளிக்குச் சென்று திரும்புபவர்களுக்கும் இவ்விதி பொருந்தும். பத்து நாட்களுக்கு மேல் நான்கு வாரங்களுக்குள் திரும்பினால் சுருக்கமான மறுபழக்கமும், நான்கு வாரங்களுக்கு மேலானால் முதல் நாளிலிருந்து முழு அட்டவணையும் பின்பற்றப்படவேண்டும்.